மெட்ராஸா, பம்பாயா?

கோடைக்கானலில் அந்த விடுதிக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த தம்பதி மூன்று நாளாக ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பரிமாறும்போதெல்லாம் அது சமையல்காரர் சிலுவைராஜின் காதில் விழுந்தது.

“பம்பாய் இருதய ஆஸ்பத்திரியில உடனே வரச் சொல்லி எழுதிட்டாங்க. மெட்ராஸ் வீட்டைக் காலி பண்ணிடலாம்,” என்றார் தண்டாயுதபாணி.

“இருபது வருஷ வக்கீல் தொழிலை விட்டுட்டா? அங்க உங்களை யாருக்குத் தெரியும்?” அவர் மனைவி லீலாவின் கண் கலங்கியது.

“உயிரைவிட வழக்கா பெருசு?”

சிலுவைராஜுக்கு மனசு கேட்கவில்லை. அன்று மதியம் ஐயாவுக்குத் தனியாக ரசம் வைத்தார்.

“என்னப்பா, உப்பே இல்லை?”

“நெஞ்சு வலிக்காரவுகளுக்கு உப்பு ஆகாதுங்களே. பயப்படாதீங்கய்யா. பம்பாய் டாக்டரு கைராசிக்காரரா இருப்பாருங்க.”

தண்டாயுதபாணி சிரித்துவிட்டு மனைவியைக் காட்டினார். “எனக்கு ஒண்ணுமில்லைப்பா. அங்க போகவேண்டிய டாக்டரே இவங்கதான். பச்சைக்குழந்தைங்க இருதயத்துல ஓட்டை இருந்தா, திறந்து தைப்பாங்க. நான் இல்லேன்னா மெட்ராஸ்ல ஒரு வழக்கு தள்ளிப்போகும். இவங்க போகலேன்னா...”

சிலுவைராஜின் பார்வை லீலாவின் மெலிந்த விரல்களை விட்டு அகலவில்லை.

“தைக்கிறதுன்னா... ஊசி, நூலு வச்சுங்களாம்மா?”

“ஆமாங்க. தலைமுடி மாதிரி நூல்.”

“அப்ப வெரசா பம்பாய்க்குப் போங்கம்மா,” என்றார். மூன்று நாளாக ஐயாவுக்கே முதலில் பரிமாறியவர், மறுசோற்றின் முதல் கரண்டியை அம்மாவின் இலையில் வைத்தார்.