மூன்றாவது கோச்

மகேந்திரராஜா எரிச்சலில் உதைத்த பந்து, புதிய கோச்சை வரவேற்க வைத்திருந்த கேக்கின் நடுவில் போய்க் குந்தியது. மெல்பேர்னில் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு, அறுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து அவர்தான் உதவிக் கோச். அவர் தலைக்கு மேலால் வந்திறங்கும் கோச்சுகளில் இந்தப் புதியவர் மூன்றாமவர்.

அணியை நடத்தும் கழகத்தின் தலைவர் கீத், பந்துக்குத் தப்பிய ஓரத்தை வெட்டித் தட்டில் வைத்து மகேந்திரராஜாவிடம் கொண்டுவந்தார்.

"கேக் எடுக்கிறீரா?"

"ஐயோ, வேண்டாம்."

தட்டு அடுத்தவரிடம் போனது. மகேந்திரராஜாவின் கண்ணும் கூடவே போனது.

"வெள்ளையன் எங்கட ஆக்களுக்குப் பெரிய பதவிக் கதிரை குடுப்பானே?" மனைவி யோகராணி காதுக்குள் முணுமுணுத்தாள். "நேராக் கேளுங்கோவன்."

கேட்டார். குரல் கேக்கைவிட நொறுங்கியிருந்தது.

"நான் இருக்க, ஏன் கீத் ஒவ்வொரு முறையும் வெளியாளைக் கொண்டுவருகிறீர்கள்?"

கீத் விழித்தார். "மூன்று முறையும் உம்மிடம்தானே முதலில் கேட்டேன். 'என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்' என்றீரே."

யோகராணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது மரியாதைக்குச் சொன்னது. இன்னொரு தரம் கேட்பீர்கள் என்று..."

"வேண்டாம் என்றவரை மறுபடி வற்புறுத்துவது," என்றார் கீத், "எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு."