சாலமன் வெட்டிய டிச்சு

ஜேசிபி தெருமுனையில் திரும்பும்போதே ஓட்டுகிறவன் யார் என்று ஜான்சிக்குத் தெரிந்துவிட்டது.

பிடித்திருந்த தார்பாயின் நுனி கையிலிருந்து நழுவியது. காற்று அதைத் தூக்கி அப்பாவின் முகத்தில் அறைந்தது.

"ஒழுங்கா புடிம்மா! நெனப்பு எங்க இருக்குது உனக்கு?" என்றார் மரியதாஸ்.

எங்கே இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு சாலமனுக்கு அவள் போனில் அனுப்பிய நாலு வரியில் இருந்தது. இதோடு விட்டுவிடலாம், இனிமேல் கூப்பிடாதே, தேடி வராதே, வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மூன்று வருஷப் பழக்கம் நாலு வரியில் முடிந்தது.

பதில் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

திண்டிவனத்து மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. சாலமன் யாருடைய வண்டியையோ ஓட்டுகிறவன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றாள் நஸ்ரியா. புதுச்சேரித் துணிக்கடையில் ஜான்சியோடு வேலை பார்க்கிறவள். "பேசாம டிட்ச் பண்ணிடுடி" என்றாள், பழைய ஸ்டாக்கைக் கழித்துக்கட்டச் சொல்கிற மாதிரி.

பள்ளிக்கூடத்தில் டிட்ச் என்றால் பள்ளம் என்று எழுதி மார்க் வாங்கியவள் ஜான்சி. தெருவில் அதுவே டிச்சு, மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவது. அதை ஒரு ஆளுக்கும் செய்யலாம் என்பது புதுச்சேரிக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கேட்க எவ்வளவு லேசாக இருந்தது! கைவிட்டுவிடு என்று நஸ்ரியா தமிழில் சொல்லியிருந்தால் ஜான்சி அந்த நாலு வரியை அனுப்பியிருக்க மாட்டாள்.

தார்பாயின் நுனியை மறுபடியும் எட்டிப் பிடித்தாள்.

விடிகாலையிலிருந்து மழை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கிறது. அதைக் கழுவெளி ஏரிக்கு வடிக்க ஒரு டிச்சு வெட்டத்தான் வார்டு மெம்பர் வண்டியை வரவழைத்திருந்தார். தெருவுக்கும் கழுவெளிக்கும் நடுவில், நேர்கோட்டில், மரியதாஸின் உப்பு மேடு.

குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் இந்த வருஷம் வாரியது அத்தனையும் அந்த ஒரு மேடுதான். லாரி வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. மேலே ஓலை போட்டு, அதற்கு மேல் தார்பாய் போட்டு இழுத்துக் கட்டிவிடலாம். அடியில் தண்ணீர் பாய்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கால் கரைந்து, மேடு முழுவதும் உட்கார்ந்துவிடும்.

"நேரா வெட்டுப்பா! சுத்தி வளைக்காத, ஊடு முழுக்கத் தண்ணி ஏறுது!" என்று தெருவே கத்தியது.

மரியதாஸ் ஓடிப்போய் மெம்பரின் கையைப் பிடித்தார். மெம்பர் கையை உதறிவிட்டார். ஓட்டுகிறவனிடம் போய்க் கெஞ்சலாம், ஆனால் யார் பெற்ற பிள்ளையோ அவன், அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் ஒருத்திதான். அவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்?

வண்டி நேராக வந்தது.

கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்குப் பின்னால் சாலமன் அவளைப் பார்த்தான். ஒரே ஒரு தரம். பிறகு வாளியை இறக்கினான். முதல் வெட்டு உப்பு மேட்டைப் பார்த்தே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. சேறு தெறித்துத் தார்பாயில் விழுந்தது.

பழி வாங்குகிறான். வாங்கட்டும். என்னோடு நிறுத்தாமல் அப்பாவின் உழைப்பில் கை வைக்கிறானே, பாவி.

ஜான்சி உப்பு மேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். எதற்கு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது வெட்டில் வண்டி திரும்பியது.

மேட்டுக்கு நாலடி தள்ளி, அதை அணைத்த மாதிரி வளைத்து வெட்டிக்கொண்டே போனான். தோண்டிய மண்ணையெல்லாம் மேட்டின் பக்கமாகவே போட்டு, வாளியின் முதுகால் தட்டித் தட்டிக் கரை கட்டினான். தெருக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். மெம்பர் குடையோடு குறுக்கே வந்து நின்று, வாடகை தரமாட்டேன் என்றார். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. உச்சி வேளைக்கு மேல்தான் டிச்சு கழுவெளியைத் தொட்டது. தெருத் தண்ணீர் குபுகுபுவென்று வந்து, உப்பைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஓடியது.

மரியதாஸ் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருப்பா நீ. இரு, டீ வாங்கியாறேன்" என்று கடைக்கு ஓடினார்.

சாலமன் இறங்கி வந்தான். சட்டையெல்லாம் சேறு.

ஜான்சிக்குத் தலை நிமிரவில்லை. அத்தனையும் படித்துவிட்டா இப்படிச் செய்தான்? இவனையா அரசாங்க வேலைக்காக விட்டேன்? வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன் மேல் ஆசையாக இருந்தது. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அவன் முந்திக்கொண்டான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சனிக்கெழம போன் தண்ணியில வுழுந்துடிச்சி. ரிப்பேர் கடையில கெடக்குது, இன்னிக்கி சாயங்காலம் தர்றேன்னு சொல்லிட்டான். உன் நம்பரும் மனப்பாடமா தெரியல, அதான் கூப்பிடவே இல்ல. கோச்சிக்கினியா?"

ஜான்சி இல்லை என்று தலையாட்டினாள்.