கலைந்த கூட்டம்

ரயில் கம்பெனியில் கூலியை மறுபடியும் குறைத்தார்கள். பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில் நாங்கள் சரக்கு ரயிலை மறித்து நின்றோம். மணிக்கூண்டில் மணி அடித்தது.

“ஊர்க்காவல் படையைக் கூப்பிடுறாங்க!” என்றார் எங்கள் தலைவர், என்ஜின் டிரைவர் மெக்கார்டில். மறுநொடி எல்லாரும் ஓடினார்கள். அவரும்தான்.

“தூ! இவ்வளவுதானா உங்க வீரம்?” என்று கத்தினேன்.

“நீ ஊருக்குப் புதுசு. வீட்டுக்குப் போய்யா!”

வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி நோராவை அடக்கம் செய்துவிட்டுத்தான் இந்த ஊருக்கே வந்தேன். தண்டவாளத்தில் தனியாக நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. துப்பாக்கிகள் உயர்ந்தன. கண்களை மூடிக்கொண்டேன்.

“யோவ், நகருய்யா. இந்த வெயில்ல கம்பளிச் சட்டை அரிக்குது.”

கண்ணைத் திறந்தேன். சீருடையில் மெக்கார்டில். அவர் பின்னால், சற்றுமுன் ஓடிய அத்தனை பேரும். ஊர்க்காவல் படையே இவர்கள்தான்! யாரோ என் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்து வரிசைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

ஆபீஸ் மாடியிலிருந்து முதலாளி கைதட்டினார்.

“சபாஷ், கேப்டன்! ஒருத்தன் பாக்கியில்லாம விரட்டிட்டீங்களே! இனி ரயிலை எடுக்கலாம். அந்த டிரைவர் பய எங்கே?”

மெக்கார்டில் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

“அவனையும்தான் விரட்டிட்டோம், ஐயா!”