செப்புச் சட்டை

“நீ சிலையைத் தொட்டிருக்கே!”

செயலாளர் ரவிச்சந்திரன் போட்ட சத்தத்தில், நாளைய கும்பாபிஷேகத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலேயே நின்றுவிட்டான்.

“ஏசப்பா மேல சத்தியமா தொடல சார்” என்றான் ஜெபகுமார்.

ஜெபகுமாருக்குப் புதுப்பட்டினம் பஜாரில் டிங்கர் வேலை. நசுங்கின மட்கார்டைத் தட்டியே புதுசாக்கிவிடுவான். பிள்ளையாருக்குச் செப்புக் கவசம் செய்யக் கும்பகோணத்தில் கேட்ட கூலியைக் கேட்டதும், எங்கள் நகர்க் கமிட்டிக்குத் திடீரென்று மத நல்லிணக்கம் பொங்கிவிட்டது. அவனைக் கூப்பிட்டோம்.

ஒரே ஒரு நிபந்தனை. சிலையைத் தொடக் கூடாது.

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க” என்றார் ரவிச்சந்திரன். அந்த நாலு பேர் யாரென்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து வந்து, சடங்குப்படி நெல்லில் படுத்திருந்த பிள்ளையாரின் தொப்பையைத் தட்டி, ஒரு ஃபிலிம் ரோல் தீர எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஜெபகுமாருக்கு மட்டும் ரவிச்சந்திரன் நூல் பிடித்து எடுத்துக் கொடுத்த அளவு.

இன்று கவசம் வந்தது. குருக்கள் வாங்கிப் பொருத்தினார். பனியன் மாதிரி உட்கார்ந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

“தொப்பையோரம் உளி பட்ட சின்னப் பள்ளம். தடவிப் பார்த்தாத்தான் தெரியும். அது கவசத்துல எப்படி வந்தது? நூல்ல வருமா?” என்று பிடித்துக்கொண்டார் ரவிச்சந்திரன்.

வேலை மோசமாக இருந்திருந்தால் திட்டோடு போயிருக்கும். நன்றாகச் செய்து மாட்டிக்கொண்டான்.

“உண்மையைச் சொல்லு. இல்லேன்னா நம்ம நகர் வண்டி ஒண்ணுகூட இனிமே உன் கடைக்கு வராது.”

எங்கள் வண்டிகளை நம்பித்தான் அவன் கடையே. எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

“நான் தொடல சார். என் வூட்டுக்காரி ஜெனிட்டா தொட்டா.”

“என்னது? எப்போ உள்ளே வந்தா?”

“இங்க வரல சார். மகாபலிபுரம் பட்டறையில சிலை தேய்க்கிற வேலைக்குப் போய்கினு கீறா. இந்தப் புள்ளையார ரெண்டு மாசம் அவதான் தேச்சா. அந்தப் பள்ளம் மட்டும் மூணு நாளு தேச்சும் போவல. நூல் அளவு பத்தலன்னு அவகிட்ட பொலம்பினேன். கண்ண மூடிக்கினு களிமண்ணுல அப்பிடியே புடிச்சுக் குடுத்தா. அது மேல வெச்சு வெச்சுப் பாத்துதான் தகட்ட தட்டுனேன்.”

தொப்பைமேல் வைத்திருந்த கையை ரவிச்சந்திரன் மெதுவாக எடுத்து வேட்டியில் துடைத்தார். விடிந்தால் கும்பாபிஷேகம். வேறு சிலைக்கு எங்கே போவது?

“ஜெபகுமாரு, இதை வெளியில மூச்சு விடாதே. நம்ம வண்டியெல்லாம் உன் கடைக்குத்தான் வரும்” என்றார்.

பிறகு குருக்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

“சாமி, நாளைக்கு அபிஷேகம் முடிஞ்ச கையோட கவசத்தைப் போட்டுடுங்க. அப்புறம் அதைக் கழட்டவே வேண்டாம்!”