தீர்மான நோட்டு

கிராமசபையில் பெண்கள் நடுவிலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

கேட்டாயிற்று. இனி உட்கார முடியாது.

"ஒன்றியத்துல இருந்து நம்ம ஊரைப் பிரிச்சு நகராட்சியில சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டீகளாமே. கிராமசபையைக் கேக்காம அந்த அதிகாரம் உங்களுக்கு ஏது தலைவரே?"

சமுதாயக் கூடத்தில் எல்லாத் தலைகளும் தலைவரின் பக்கம் திரும்பின.

நகராட்சி ஆகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். முட்டி தேய்ந்த பிறகு செங்கல் சூளைக்காரன் அவளைக் கூப்பிடுவதில்லை.

தலைவர் கோபப்படவில்லை.



நீள நோட்டைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார். "சபைதானம்மா எழுதிக் குடுத்துருக்கு. மொதக் கையெழுத்து யாருதுன்னு பாரு."

அவளுடையது.

கீழே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாவின் கைரேகை. அதற்கும் கீழே வரிசையாக ரேகைகள்.

ஆடி மாதம். கண்மாய்க்கரை. நூறு நாள் வேலைக்கு வந்ததற்குக் கையெழுத்து என்று சொல்லித்தான் ஊராட்சிச் செயலர் இந்த நோட்டை நீட்டினார். மண் ஒட்டிவிடக் கூடாதே என்று கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

அன்று பக்கத்தின் மேல்பாதி வெள்ளையாக இருந்தது.

இப்போது நெருக்கி எழுதியிருந்தது. கடைசிச் சொல், ஏகமனதாக.

"படிச்சுப் பாத்துல்ல போட்டுருக்கணும்" என்றார் செயலர்.

"நீ எழுதிட்டுல்லடா வந்திருக்கணும்" என்றாள் ஒச்சம்மா.

சிரிப்பு எழுந்து அடங்கியது.

தலைவர் கையமர்த்தினார். "போனது போகட்டும். இதுக்கே கலெக்டர் ஆபீசுல இன்னொரு தீர்மானம் கேக்குறாக. நூறு பேர் இல்லைன்னா செல்லாது. வந்ததுக்குக் கையெழுத்தைப் போட்டுட்டு வெரசா கெளம்புங்க."

ஆண்கள் பக்கம் முப்பது பேர்கூட இல்லை.

செயலர் புதுப் பக்கத்தைத் திருப்பினார். நோட்டும் பேனாவும் அவளிடம் வந்தன. மைப்பெட்டி ஒச்சம்மாவிடம்.

உட்கார்ந்தாள். பழக்கத்தில் கையைச் சேலையில் துடைத்தாள்.

பேனாவைத் திறந்தாள்.

மேல்பாதி வெள்ளையாக இருந்தது.

பேனாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, நோட்டை ஒச்சம்மாவிடம் தள்ளினாள். ஒச்சம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். மைப்பெட்டியைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே நன்றாக உட்கார்ந்தாள். நோட்டை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அவள் அடுத்தவளிடம்.

நோட்டு கடைசி வரிசைவரை போய், போன மாதிரியே திரும்பி வந்தது.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.