பன்னிரண்டாவது தடவை

பழைய சாமான் சந்தையில் வாங்கிய டேப்ரெக்கார்டரில் பெல்ட் உருகிப்போயிருந்தது. வயலட் அதன் முதுகைத் திறந்து, சாம்பார் பார்சலில் கிடைத்த ரப்பர் பேண்டை மாட்டினாள். உள்ளே மாட்டிக்கிடந்த கேசட் ஓடத் தொடங்கியது.

யாரோ ஒருவன், “தெய்வானை, ஒண்ணு சொல்லணும்...” என்று ஆரம்பித்து, இருமி, நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். இப்படியே பதினோரு தடவை.

“சொல்லித் தொலையேன்யா!” என்று வயலட்டின் கணவன் ஆசீர் பெட்டியைப் பார்த்துக் கத்தினான்.

பன்னிரண்டாவது தடவை இருமல் இல்லை. “தெய்வானை, எனக்கு உன்ன...”

ரப்பர் பேண்டு அறுந்தது.

வயலட் சட்டென்று உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தைச் சுழற்றினாள். குரல் நடுநடுங்கி வந்தது.

“பயந்துட்டான், பாரு,” என்று சிரித்தான் ஆசீர்.

“அவன் இல்லங்க,” என்றாள் வயலட். “என் விரல்தான் நடுங்குது.”