கதவைச் சாத்தினால் கூடும் எடை

அக்டோபர் 19. முதல் முறை எடை போட்டபோது, காட்டில் தங்குவதற்கான பழைய டிரெய்லரின் கதவைத் திறந்தே விட்டிருந்தது ஓர்லாவின் தவறு. மலைப்பாதையில் இழுத்துப் போகும் வண்டி என்பதால், வாங்குமுன் லாரி எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது மொன்டானா வேட்டைக்காரர்களின் வழக்கம். அவள் கதவைச் சாத்தி மறுபடி போட்டாள். நூற்றெழுபது பவுண்டு கூடியிருந்தது. உள்ளே போய்க் கட்டிலடியில்கூடத் தேடினாள். யாருமில்லை. கதவைத் திறந்தால் எடை குறைந்தது, சாத்தினால் கூடியது.

"அது ஒரு ஆளோட எடைம்மா," என்றார் விற்க வந்த டெல்பர்ட். "வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. வேற பாரு."

வேறு இல்லை. சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. அவள் கைக்கு எட்டியது இது ஒன்றுதான்.

கூட வந்திருந்த அண்ணன் ராய்ஸ் சிரித்தான். "தனியாத்தான் போவேன்னு துள்ளுனியே! பேசாம எங்ககூட வந்து சமையலைப் பாரு."

ஓர்லா டிரெய்லருக்குள் தலையை நீட்டினாள். "யாரா இருந்தாலும் சரி, கேட்டுக்கோ. இத நான் வாங்கிட்டேன். வர்றதுன்னா வா. ஆனா மான் விழுந்தா பின்னந்தொடை ரெண்டையும் நீதான் சுமக்கணும்."

உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. ராய்ஸ் இரண்டடி பின்வாங்கினான். அவள் டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டினாள்.

நாளை: காட்டில் மற்றவர்களின் குண்டு படாமலிருக்க, இன்னொரு ஆரஞ்சு நிற மேற்சட்டை வாங்க வேண்டும். அளவு தெரியாததால் பெரியதாகவே.